பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அறக்கட்டளை தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு மனையோடுதான் வருகிறார்கள். "ஊரில் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் ஓர் இல்லம் கட்டி ஐம்பது பிள்ளைகளை வைத்துப் படிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன்." மனசு நல்ல மனசுதான், வரிசைதான் தலைகீழ். கட்டடம் எழும்பிவிட்டால் அதை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும். நிரப்ப ஆள் தேடும்போதுதான் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையும், கணவனை இழந்து கூலிக்குப் போகும் தாயின் பிள்ளையும் திடீரென்று அனாதைக் கணக்கில் சேர்கிறார்கள்.

இது வெறும் சந்தேகமில்லை. 2016-17இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 9,589 இல்லங்கள் தென்பட்டன. அவற்றில் இருந்த பிள்ளைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். தாயோ தகப்பனோ ஒருவர் இருக்கும் பிள்ளைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். அதாவது இல்லங்களை நிரப்பியது மரணத்தைவிட வறுமைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்று அடிப்படைக் கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும்: முதலில் உறவு வீடு, அதற்கும் வழியில்லாத பிள்ளைக்கு மட்டும் இல்லம். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டை வைத்து எழுதப்பட்டவை.

"அப்படியானால் சென்னையின் அவ்வை இல்லம் போன்ற பழைய இல்லங்கள்?" என்று கேட்கத் தோன்றும். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அதைத் தொடங்கியபோது, தேவதாசி முறையிலிருந்து வெளியே வந்த சிறுமிகளுக்குப் போக வேறு கதவே இல்லை. வித்யாகர் 1983இல் 'உதவும் கரங்கள்' இல்லத்தைத் தொடங்கியபோது இன்றிருக்கிற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் கிடையாது, குழந்தைகள் நலக் குழுவும் கிடையாது. அவர்கள் முதலில் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகுதான் கட்டடத்தைத் தேடினார்கள்.

படி 1: மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பதிவுக்கு ஓடுவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் இதற்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்தது, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை. பழைய ஆட்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்வார்கள். அங்கே நேரம் வாங்கி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள், தரவும் கூடாது. கேட்க வேண்டியவை வேறு. பதிவு பெற்ற இல்லங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது? அரசு நிதி ஆதரவுக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளமா? 18 வயது முடிந்து வெளியேறும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

பல மாவட்டங்களில் இந்த மூன்று கேள்விக்கு வரும் பதிலே, இன்னொரு இல்லம் தேவையில்லை என்று சொல்லிவிடும்.

அடுத்து குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், நீதிமன்ற பெஞ்சுக்கு நிகரான அதிகாரம். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளை எங்கே தங்குவது என்று தீர்மானிப்பது இவர்கள்தான், நீங்கள் அல்ல. கிராம அளவில் விஷயம் தெரிந்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், கிராம நிர்வாக அலுவலர், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். யார் வீட்டில் அப்பா அம்மா இல்லாமல் பிள்ளை வளர்கிறது என்பதை, எந்தச் சர்வேயையும்விட ஐந்தாம் வகுப்பு டீச்சர் சரியாகச் சொல்வார்.

படி 2: எந்த வேலை உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்

நான்கு வழி இருக்கிறது. உறவினர் வீட்டிலேயே பிள்ளை வளர மாதாமாதம் பணமும் துணையும் தரும் நிதி ஆதரவு. உறவில்லாத குடும்பத்தில் அரசு அனுமதியோடு தங்கவைக்கும் வளர்ப்புப் பராமரிப்பு. குழந்தைகள் இல்லம். 18 வயதுக்குப் பிறகான பின்பராமரிப்பு.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலாவதையும் நான்காவதையும் எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. செலவு குறைவு, பயன் அதிகம், தவறினால் பிள்ளைக்கு ஏற்படும் சேதமும் குறைவு. பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், அதோடு வீடு வீடாகப் போய்வர ஒரு சமூகப் பணியாளரின் சம்பளம். இந்தப் பணத்தில் இல்லம் நடத்த நினைத்தால் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்குமே சரியாகிவிடும். நன்கொடையாளர்களுக்குத்தான் இது ருசிப்பதில்லை. காட்டுவதற்குக் கட்டடம் இல்லை, திறப்பு விழா இல்லை, கல்வெட்டில் பெயர் இல்லை. அந்தச் சங்கடத்தை முதல் ஆண்டிலேயே சந்தித்துப் பழகிக்கொள்வது நல்லது.

படி 3: அமைப்பைப் பதிவு செய்தல்

அறக்கட்டளை, சங்கம், எட்டாம் பிரிவு நிறுவனம் என்று மூன்று வடிவம். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின்கீழ் எட்டாம் பிரிவு நிறுவனத்துக்கு இரண்டு இயக்குநர் போதும், தணிக்கையும் படிவங்களும்தான் கடுமை. பெரும்பாலானோர் அறக்கட்டளையைத் தேர்வதற்குக் காரணம் எளிமை. அதன் ஆபத்தும் அந்த எளிமையில்தான்: கணவர் நிறுவனர், மனைவி பொருளாளர், மைத்துனர் அறங்காவலர். சட்டப்படி தப்பில்லைதான். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை புகார் சொன்னால் அதை யாரிடம் சொல்வது?

பத்திரம் எழுதும்போது எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியை அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: அறங்காவலர்களில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்தினர் இல்லை, ஆயுட்கால அறங்காவலர் பதவி கிடையாது, அறங்காவலருக்குக் கடனோ வாடகையோ கொடுப்பதென்றால் மற்றவர்கள் எழுத்தில் ஒப்ப வேண்டும், அமைப்பு கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும். கடைசி ஷரத்து இல்லையென்றால் வருமான வரிப் பதிவிலேயே தகராறு வரும்.

பத்திரம் கைக்கு வந்ததும் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைப் பதிவு. ஆடிட்டர்கள் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று சொல்வது இதைத்தான். 2025இன் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, பேச்சில் மாறவில்லை. முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும், வேலை தொடங்கியதும் முறையான பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது விதி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை இல்லை, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் இல்லை. அரசு நிதி கேட்க, தொண்டு அமைப்புகளுக்கான தர்பண் இணையதளத்தில் பதிவு வேண்டும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணத்துக்கு (சிஎஸ்ஆர்) சிஎஸ்ஆர்-1 படிவம்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். கணக்கு டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஆட்கள் அடிக்கடி மாட்டுவது இங்கே: துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்நியப் பணம் ஆகாது. அதே குடும்பத்தில் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அனுப்பினால் அது அந்நியப் பணம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு ரசீது போடுங்கள்.

படி 4: உறவு வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் துணை நிற்றல்

வேலையின் மையம் இதுதான், ஆற அமரச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

நீங்கள் போகும் வீடு ஏறத்தாழ இப்படி இருக்கும். தகப்பன் சாலை விபத்தில் போனார், அம்மா அதற்கு முன்பே நோயில். எட்டும் பதினொன்றும் வயதில் இரண்டு பிள்ளைகள். பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது, மீதிக்கு நூறு நாள் வேலை. மஞ்சள் துணிப்பையிலிருந்து பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்: ரேஷன் கார்டு, நைந்துபோன பிறப்புச் சான்று, மகனின் வேலை அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அட்டை கிழிந்த பாஸ்புக். நன்கொடையாளருக்குத் தெரியாத உதவி அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

அந்த அடையாள அட்டை திருப்பூர் மில்லுடையதோ ஆம்பூர் தோல் தொழிற்சாலையுடையதோ என்றால் பிஎஃப் கணக்கு இருந்திருக்கும். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கென்றே ஓய்வூதியம் உண்டு. கைம்பெண் ஓய்வூதியத்தில் 75 சதவீதம், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை. குறைந்தபட்சத் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 750 ரூபாய்தான் என்றாலும், அதோடு பிஎஃப் இருப்பும் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய வைப்புடன் இணைந்த காப்பீடும் சேர்ந்தே வரும். அப்பா கொத்தனாராக இருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்ததா என்று கேளுங்கள். சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பங்கு மேஜர் ஆகும் வரை வங்கியில் வைப்பாக இருக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். வக்கீல் பீஸுக்குப் பயந்து பலர் போடுவதே இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார், வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

பிறகு சொத்து. இரண்டு சென்ட் மனையோ அரை ஏக்கர் புன்செயோ எதுவாக இருந்தாலும் பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் உடனே எடுத்துவிடுங்கள். "பிள்ளைகள் என்னிடம்தானே வளருது" என்று பெரியப்பா விற்கக் கிளம்புவது சகஜம். இந்து வயதுவராதோர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956இன்படி, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற ஒரே காரணத்தால் யாரும் அந்தச் சொத்தை விற்க முடியாது. அதற்கு நீதிமன்றம் நியமித்த காப்பாளர் வேண்டும், விற்பனைக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். மற்ற மதத்தவருக்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். இந்த ஒரு தகவலைப் பாட்டியிடமும் பெரியப்பாவிடமும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாந்தமாகச் சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும்.

அரசு உதவிகளை உங்கள் பணத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுங்கள். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்ட அலகில். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெண் பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000.

பணம் எப்படிப் போக வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். பிள்ளையும் காப்பாளரும் சேர்ந்த வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது மாமாவின் கந்துவட்டிக்குப் போகும் வாய்ப்பு உண்டு. ஆனால் பாட்டியிடம் அரிசி பருப்புக்குப் பில் கேட்டு நிற்காதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை சமூகப் பணியாளர் நேரில் போக வேண்டும், போகும் நாளைச் சொல்லாமல் சில முறையும் போக வேண்டும். பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடமாவது பேச வேண்டும். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? எங்க படுத்த? யார் எழுப்பிவிட்டாங்க?" என்று கேளுங்கள்.

படி 5: இல்லமேதான் வேண்டும் என்றால்

உறவே இல்லாத பிள்ளையும் இருக்கிறது, உறவு வீட்டில் வைக்கவே முடியாத பிள்ளையும் இருக்கிறது. அவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும். ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிவு இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வைக்க முடியாது. மீறினால் 42ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பத்தைத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். "டிரஸ்ட் பதிவு இருக்கிறதே" என்பது பதிலாகாது, அது வேறு, இது வேறு.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு பின்னணி உண்டு. மாமல்லபுரத்துக் காப்பகங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த ஒரு கட்டுரையை வைத்து 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் போனது. அது பொதுநல வழக்காகி, நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் 2017 முடிவதற்குள் பதிவாக வேண்டும் என்று அந்த ஆண்டு மே 5 அன்று தீர்ப்பு வந்தது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்தின் மீது, கொரோனாவில் செத்துப்போனதாகக் கணக்குக் காட்டிக் குழந்தையை விற்றதாக வழக்குப் பதிவானது. அதிகாரி உங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். கோபப்படாதீர்கள்.

விண்ணப்பம், இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மாதிரி விதிகளின் 27ஆம் படிவம். சமர்ப்பித்த பிறகு ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கலாம். முழுப் பதிவு ஐந்து ஆண்டுக்கு. கூடவே கேட்கும் தாள்கள்: தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, பொதுக் கட்டடத்துக்குத் தாசில்தார் தரும் படிவம் டி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பணியாளர் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு. வாடகைக் கட்டடத்தில் இறங்குகிறவர்கள் முதலில் படிவம் டி கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

2016 மாதிரி விதிகள் 50 பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு: இரண்டு படுக்கைக் கூடம், பிள்ளைக்கு 40 சதுர அடி வீதம், ஐந்து குளியலறை, எட்டுக் கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம் 800 சதுர அடி, நூலகம், நோயாளி அறை, ஆலோசனை அறை, விளையாட்டு இடம். எல்லாம் சேர்ந்து 8,495 சதுர அடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மனையை இன்னொரு முறை பாருங்கள். ஐம்பது என்பது கட்டாயமில்லை, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு வீடுபோல் நடத்துவது எவ்வளவோ மேல். ஆஸ்திரியாவில் 1949இல் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்ஓஎஸ் கிராமங்கள் ஒரு தாய், சில பிள்ளைகள், ஒரு வீடு என்றுதான் நடந்துவருகின்றன. நாகப்பட்டினத்தில் 2004 சுனாமியில் தங்கள் மூன்று பிள்ளைகளையும் இழந்த பரமேஸ்வரன், சூடாமணி தம்பதி, பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துதான் தொடங்கினார்கள்.

பிள்ளை உள்ளே வரும் வழி ஒன்றே ஒன்று: குழந்தைகள் நலக் குழுவின் ஆணை. நள்ளிரவில் யாரோ வாசலில் விட்டுப்போனாலும் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்துங்கள். தெரிந்தவர் சொன்னார், பாதிரியார் அனுப்பினார், கவுன்சிலர் கடிதம் கொடுத்தார் என்று சேர்த்தால் அது சட்டவிரோதக் காவல். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை சிறப்புத் தத்துவள மையத்துக்குப் போகும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி இல்லம்.

சேர்ந்த நாளன்றே பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள், பெற்றோர் இறந்த தேதி உட்பட. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமின்றி, அரசோ அரசு அங்கீகாரம் பெற்ற இல்லமோ பள்ளியோ சேர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. பதினேழு வயதில் கலந்தாய்வுக்கு நிற்கும்போது தாசில்தார் கேட்பது ஏழு வயதில் நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்தைத்தான்.

படி 6: பிள்ளைகளின் பாதுகாப்பு

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம், நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்" என்று ஓர் அறங்காவலர் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே, யார் போலீஸுக்குப் போன் செய்வது என்று தீர்மானமாக எழுதிவையுங்கள். இல்லத்தில் அடி கிடையாது. ஊழியர் அடித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு வரும்.

விதிகள் பிள்ளைகள் குழுவை 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று மூன்று வயதுப் பிரிவாக அமைக்கச் சொல்கின்றன. ஆலோசனைப் பெட்டி அலுவலக அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் சாவி இல்லப் பொறுப்பாளரிடம் அல்ல, மேலாண்மைக் குழுத் தலைவரிடம்.

இனி பிறந்தநாள் பிரியாணி. நன்கொடையாளர் குடும்பத்தோடு வருகிறார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள், முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு "ஹேப்பி பர்த்டே" பாடவைக்கிறார்கள், கேக் ஊட்டும் போட்டோ அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும், மறுநாள் அந்தப் படம் பள்ளியில் சுற்றுகிறது. நீங்கள் செய்யக்கூடியது: "சாப்பாட்டுக்கு நன்றி, அதைச் சமையலறையில் கொடுங்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார்கள்" என்று ஒரே மாதிரி எல்லோரிடமும் சொல்வது. கொஞ்சம் பேர் திரும்ப வரமாட்டார்கள். மாதம் 500 ரூபாய் தானாகப் பிடிக்கும்படி எழுதிக்கொடுக்கும் நூறு பேர், தீபாவளிக்கு மட்டும் வரும் நூறு பேரைவிட மேல்; பிப்ரவரியிலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

படி 7: தத்து

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் செய்து வைக்க முடியாது. தத்துக் கேட்பவர்கள் மத்தியத் தத்துவள ஆணையத்தின் தளத்தில் பதிய வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை வழங்குவது மாவட்ட ஆட்சியர். "இந்தப் பொண்ணை எங்களுக்கே கொடுத்துடுங்க சார்" என்று வந்து நிற்கும் தம்பதியிடம் பரிதாபப்பட்டு முறையின்றிக் கொடுத்தால், கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்கும் 80ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

படி 8: பதினெட்டு முடிந்த மறுநாள்

சட்டப்படி இல்லத்தில் தங்கும் வயது 18இல் முடிகிறது. அந்த வயதில் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சட்டை துவைக்கவே தெரியாது, இவர்களை மட்டும் பெட்டியோடு வெளியே அனுப்புகிறோம். 46ஆம் பிரிவு 21 வயது வரை பின்பராமரிப்புக்கு வழி செய்கிறது, சிலருக்கு 23 வரையும் நீளலாம். மிஷன் வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 உண்டு. பதினெட்டு பிறக்கும் முன்பே மனுப் போட வேண்டும்.

பதினாறிலேயே தயாரிப்பைத் தொடங்குங்கள். தனியாக வங்கிக்குப் போய் வரட்டும். பத்து வயது முதலே சொந்தமாகக் கணக்கு இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வாடகை வீடு தேடுவது, கேஸ் இணைப்பு மாற்றுவது, சம்பளச் சீட்டைப் படிப்பது எல்லாம் சொல்லிக்கொடுங்கள். வீட்டு உரிமையாளர் "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்பார், உத்தரவாதத்துக்கு அமைப்பின் கடிதம் தயாராக இருக்கட்டும். வெளியேறும்போது கையில் ஒரு கோப்பு: பிறப்புச் சான்று, பெற்றோர் இறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, டிசி, மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி விவரம், குழந்தைகள் நலக் குழு ஆணைகளின் நகல், சொத்து அல்லது வழக்குத் தாள்கள், சிறுவயதுப் படங்கள். மூலத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்யும் இல்லங்கள் உண்டு.

நல்லது கெட்டதுக்கு யார் நிற்பது என்பதும் பேசிவைக்க வேண்டியது. வளைகாப்புக்கு யார் வளையல் போடுவது, தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டுக்கு வருவது? இதற்கு எந்தப் படிவமும் இல்லை. பழைய பிள்ளைகள் இருவரை அறங்காவலராகச் சேர்த்துக்கொண்டால் இந்தக் கேள்விகள் கூட்டத்தில் தானாக எழும்.

படி 9: நீங்கள் இல்லாமல்போனால்

நிறுவனருக்கு மாரடைப்பு வந்து இல்லமே மூடப்படுவது தமிழ்நாட்டில் புதிதல்ல. வங்கியில் கையெழுத்து மூவரில் இருவர் என்று இருக்கட்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனி வைப்பாகப் போட்டுத் தொடாமல் வையுங்கள். மூட நேர்ந்தால் பிள்ளைகளை உறவினர் கையில் அவசரமாகப் பிரித்துக் கொடுக்காமல், குழந்தைகள் நலக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அவர்கள் ஆணைப்படி மாற்ற வேண்டும். யார் பொறுப்பேற்பது என்பதைப் பெயர் போட்டுத் தீர்மானமாக எழுதி, ஆண்டுதோறும் மார்ச் மாதக் கூட்டத்தில் திரும்பப் படியுங்கள். பத்திரத்தில் இதற்கு இடமில்லாமல் பதிந்துவிட்டவர்கள், மாற்ற வழியுண்டா என்று வக்கீலிடம் கேட்டு, வருமான வரிப் பதிவு பாதிக்குமா என்று ஆடிட்டரிடமும் கேட்டுவிட்டுத் திருத்தப் பத்திரம் பதியலாம்.